கதவு திறக்கத் தாமதம்

"அண்ணி, நான் சொல்றதை முழுசா—"

"என்னத்தை முழுசா? இதுல அச்சடிச்சு வந்திருக்கு—"

"அச்சடிச்சவங்க இங்க இருந்தாங்களா? நான் இருந்தேன். நான் மட்டும்தான் இருந்தேன்—"

"அதையேதான்டி நானும் சொல்றேன். நீ மட்டும்தான் இருந்த."

மருமகள் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள். தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடைச் சட்டை ஒற்றைக் கையோடு தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அவளுடைய அம்மா இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்று புகார் எழுதிப் போட்டவள் அவள்தான். முப்பது வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். மனுஷன் பொய் சொல்வான், தட்டச்சு செய்த தாள் சொல்லாது என்பது அவள் கண்ட உண்மை.

"நான் புகார் கொடுத்தது வண்டிக்காரன் மேல. பதில் வந்திருக்கிறது உன் மேல."

"சத்தமாப் படி அக்கா," என்றான் கணவன். டயர் கடையிலிருந்து பாதி நாள் விடுப்பில் வந்திருந்தான். நகக்கண்ணில் இருந்த கறுப்பை இன்னொரு நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தான்.

நாத்தனார் படித்தாள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, எதிரே உட்கார்ந்து யாரோ எழுதிக்கொள்வதைப் போல.

"அழைப்பு பெறப்பட்ட நேரம், காலை பத்து நாற்பத்திரண்டு. வாகனம் வந்தடைந்த நேரம், பத்து நாற்பத்தொன்பது. நோயாளியை அணுகிய நேரம், பதினொன்று மூன்று. இடைப்பட்ட தாமதத்துக்கான காரணம்: கதவு திறக்கத் தாமதம்."

"பொய்," என்றாள் மருமகள்.

"இந்தக் கட்டிலுக்கும் வாசக்கதவுக்கும் எத்தனை அடிடா தம்பி?"

"பன்னண்டு இருக்கும்."

"பன்னண்டு அடி நடக்கப் பதினாலு நிமிஷம். ஆமையை விட்டிருந்தா ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கும்."

"கதவு தொறந்துதான் இருந்துச்சு. போன் பண்ணின உடனேயே தொறந்து, சாத்திக்கக் கூடாதுன்னு நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டுத்தான் வந்து அத்தை பக்கத்துல உக்காந்தேன்."

"நாற்காலி வந்து சாட்சி சொல்லுமா?"

"எதிர் வீட்டுக்காரங்க—"

"எதிர் வீட்டுல அன்னிக்குப் பூட்டு. அதுவும் நீ சொன்னதுதான். மெஷின் ஓட்டிட்டிருந்தியா? சத்தத்துல பெல்லு கேக்கலையா? அப்படியாவது சொல்லித் தொலை."

"அத்தை தரையில கிடக்காங்க, நான் மெஷின் ஓட்டுவேனா?"

"ஓட்டமாட்டேன்னு எப்படி நம்பறது? போன மாசம் உன் அண்ணன் பொண்டாட்டிகிட்ட போன்ல என்ன சொன்ன? இந்தக் கிழம் கண்ணை மூடினாத்தான் எனக்கு விடிவுன்னு சொன்னியா இல்லையா? அம்மா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி அழுதா."

"எந்த வீட்டுலதான் சொல்லலை? அவங்க கூடத்தான் என்னை நாசமாப் போன்னு தினமும் சொன்னாங்க. நான் போயிட்டேனா?"

"வாயை அடக்கு," என்றான் கணவன்.

நாத்தனார் தாளின் அடுத்த பத்திக்கு விரலை நகர்த்தினாள். "இன்னும் இருக்கு, கேளு. வாகனம் வந்துவிட்டது, கதவைத் திறக்கவும் என்று எமது பணியாளர் அழைப்பாளரிடம் தெளிவாகக் கூறியது ஒலிப்பதிவில் உள்ளது."

மருமகளின் முகம் அந்த வரியில் ஒரு கணம் தடுமாறியது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"வண்டி வரலை."

"வராத வண்டியை வந்துடுச்சுன்னு எவளாவது சொல்லுவாளா? சொல்லு. எனக்குப் புரியலை. நான் படிச்சது டைப்பிங் மட்டும்தான்."

மருமகளுக்கே இருபத்தாறு நாளாகப் புரியாத விஷயம் அது.

கணவன் தலை நிமிராமல் பேசினான். "டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா? நெஞ்சு நின்னுபோனா, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பத்துல ஒரு பங்கு உசிரு கையை விட்டுப் போகும்னார். ஏழு நிமிஷத்துல வந்திருக்காங்க. மூணு பங்கு மிச்சம் இருந்திருக்கு. வாசல்ல வந்து நின்னிருக்கு எங்கம்மா உசிரு."

"அந்த நேரமெல்லாம் நான் நெஞ்சை அமுக்கிட்டே இருந்தேன்."

"அமுக்கினதுல மூணு விலா எலும்பு உடைஞ்சிருந்துச்சு," என்றாள் நாத்தனார்.

"அமுக்கினா உடையும்னு டாக்டர்தான்—"

"உனக்கு மட்டும் எல்லாத்துக்கும் ஒரு டாக்டர் கிடைச்சுடறார். அம்மா ஒரு சட்டியை உடைச்சா வீடே அதிர நீ பேசுவே. நீ அவ நெஞ்சையே உடைச்சிருக்கே, நாங்க பேசக்கூடாது."

பிறகு அவள் தாளைத் திருப்பி, அடியில் இருந்த வண்டி எண்ணின் மேல் விரலை வைத்து மருமகளின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் படிச்சியா? அன்னிக்கு இந்த வண்டியை ஓட்டிட்டு வந்தது யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். வெளியாள் யாரும் உன் மேல எழுதலை. உன் கூடப் பொறந்தவன் எழுதிக் கொடுத்திருக்கான்."

கணவன்தான் முடித்தான்.

"ஞாயித்துக்கிழமை மச்சானை வரச் சொல்லு. கதவு தொறந்திருந்துச்சுன்னு அவர் வாயால சொன்னா, இந்தக் காகிதத்தை உன் எதிர்லயே கிழிச்சுப் போட்டுடறேன். இல்லைன்னா அவர் கூடவே கிளம்பிடு. நீ பரிமாறி நான் சாப்பிட முடியாது."

"குட்டி?"

"குட்டி இங்க இருக்கட்டும்."

"என் பொண்ணுகிட்ட எதையும் சொல்லாதீங்க. ஒன்பது வயசு. என்னைப் பத்தி என்ன வேணாலும் பேசிக்கோங்க, அவ காதுல மட்டும் போடாதீங்க. கும்பிடறேன் அண்ணி."

"இதுவரைக்கும் சொல்லலை," என்றாள் நாத்தனார். கடிதத்தை அது வந்த மடிப்பிலேயே மடித்தாள்.

ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக் கூடத்தை ஒட்டி இருந்தது. இரண்டு வண்டிக்கு இடம். ஒரு வண்டிதான் நின்றது. பின்கதவைத் திறந்துவைத்து, குழாய்த் தண்ணீரால் மருமகளின் அண்ணன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின தண்ணீர் இளஞ்சிவப்பாக வாசல் வழியே ஓடியது. வண்டியின் மருத்துவ உதவியாளர் ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மனைவியும் அப்படித்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

தங்கை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கதவு திறக்கத் தாமதம்னு போட்டது யாரு?"

குழாய் அண்ணன் கையிலிருந்து கொஞ்சம் விலகி அவன் காலையே நனைத்தது.

"மெதுவாப் பேசு பாப்பா."

"மெதுவாப் பேசறதுல நம்ம தம்பி கெட்டிக்காரன்," என்றார் ஊசி. "வேகமாச் செய்யறது ஒண்ணே ஒண்ணு. பட்டனை அழுத்தறது."

"அண்ணே, நீங்க சும்மா இருங்க."

"யாரு போட்டது?" என்று தங்கை மறுபடியும் கேட்டாள்.

"நான்தான்."

"நீ உள்ள வரும்போது கதவு எப்படி இருந்துச்சு?"

"தொறந்திருந்துச்சு."

"கதவைத் தட்டினியா, பெல் அடிச்சியா, ஒரு வினாடியாவது வெளிய நின்னியா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்டா?"

தம்பியைக் கேட்பதுபோல 'டா' போட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து, வண்டிக்குள்ளிருந்து உள்ளங்கையகலத் திரையை எடுத்துக் காட்டினான்.

"இதுல மூணு பட்டன். கிளம்பியாச்சு. வந்தாச்சு. நோயாளிகிட்ட போயாச்சு. மேலிடத்துல பாக்கிறது ரெண்டாவதை மட்டும்தான். எட்டு நிமிஷத்துக்குள்ள 'வந்தாச்சு' விழலைன்னா நம்ம பேரு சிவப்பு. அதோ பாரு."

சுவரில் அந்த மாதத்துப் பட்டியல் ஒட்டியிருந்தது. அண்ணனின் பேருக்கு எதிரே இரண்டு கட்டம் சிவப்பு.

"மூணாவது விழுந்தா வண்டியை விட்டு எறக்கிடுவாங்க. இன்னும் ஆறு மாசத்துல எனக்கு வேலை நிரந்தரம் ஆகணும். அதனால... எல்லாருமே கொஞ்சம் முன்னாடியே அழுத்திடுவோம். தெரு முனை வந்ததும். உங்க பக்கம்னா தண்ணித் தொட்டி முனையில."

"தண்ணித் தொட்டி ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"கேட் தொறந்திருந்தா அங்கிருந்து ரெண்டே நிமிஷம், பாப்பா."

"அன்னிக்கு?"

"அழுத்தி முடிச்சு முன்னாடி பாக்கிறேன், கேட் எறங்குது. சரக்கு ரயில். அது நிக்காமப் போயிருந்தாப் பரவாயில்லை. நடுவுல நின்னுடுச்சு."

"ஐம்பத்தெட்டுப் பெட்டி," என்றார் ஊசி. "நான் எண்ணினேன். வேற வேலை?"

"யாரு வீட்டுக்குப் போறேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"மருந்துப் பெட்டியைத் தூக்கிட்டு ரயிலுக்கு அடியில பூந்து ஓடி வந்திருக்கக் கூடாதா?"

"நான் போறேன்னேன்மா," என்றார் ஊசி, வாயில் இருந்ததை மென்றுகொண்டே. "தம்பிதான் கையைப் பிடிச்சுக்கிட்டான். நடுவுல ரயில் நகந்துதுன்னா என்ன பண்றதுன்னு. அதுவும் நியாயம்தான். என் உசிரும் உசிருதானே."

அண்ணன் திரையைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"வந்ததுக்கும் நோயாளியைத் தொட்டதுக்கும் நடுவுல மூணு நிமிஷத்துக்கு மேல போனா, திரை காரணம் கேக்கும். அஞ்சு காரணம் இருக்கும். லிஃப்ட் பழுது, குறுகிய சந்து, கூட்டம், கதவு திறக்கத் தாமதம், இதர. இதரன்னு போட்டா பக்கம் பக்கமா எழுதணும். எழுதினா விசாரணை. நாங்க எல்லாரும் கதவுன்னுதான் போடுவோம். கதவு யாருக்கும் பொல்லாப்பு இல்லை. கதவை யாரும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல, உங்க அத்தையை உள்ள விட்டுட்டு வந்து நிக்கிறேன், அடுத்த அழைப்பு வந்து அலறுது. காரணம் போடாம திரை நகராது. கை தானாப் போய் அங்க அழுத்திடுச்சு. அது உன் கதவுன்னு... அந்த நேரத்துல தோணவே இல்லை பாப்பா."

"தோணலையா."

"தோணலை. சத்தியமா."

தங்கை வண்டியின் படியில் உட்கார்ந்தாள். நனைந்த படி. புடவை நனைவது அவளுக்குத் தெரியவில்லை.

"நீ அழுத்தினதால என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட சொல்றேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினப்போ எடுத்த பொண்ணு எண்ணிக்கிட்டே இருந்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நிறுத்தாதீங்க, நல்லாப் பண்றீங்க, இன்னும் அழுத்தமான்னு. அவ எண்ண எண்ண நான் அமுக்கினேன். கையில தெம்பே இல்லை, அவ குரல்தான் அமுக்கிச்சு. திடீர்னு, வண்டி வந்துடுச்சும்மா, கதவைத் திறங்க, நான் வைக்கிறேன்னா. வெச்சுட்டா."

அண்ணன் துடைப்பதை நிறுத்தினான்.

"நான் வாசலைப் பாக்கிறேன். கதவு தொறந்து கிடக்கு. ஆளைக் காணோம். சரி, வீடு தெரியாம கீழ நிக்கிறாங்க போலன்னு அத்தையை அப்படியே போட்டுட்டு மூணு மாடி எறங்கி ஓடினேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். திரும்ப ஏறி வந்தா, அத்தை உதடு... அதுக்கு முன்னாடி வரைக்கும் கொஞ்சம் நிறம் இருந்துச்சு. திரும்பப் போன் பண்றேன், வேற யாரோ எடுத்து, வண்டி உங்க வாசல்லதாம்மா நிக்குதுன்னு சொல்லி வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நானே எண்ணிக்கிட்டேன். தப்புத் தப்பா."

"எவ்வளவு நேரம் கீழ இருந்த?" என்றான் அண்ணன்.

"ரெண்டு நிமிஷம். மூணு. எனக்கு என்ன தெரியும், என்கிட்ட பட்டன் இல்லையே."

ஊசி டப்பாவை மூடினார். சிரிப்பு அவர் முகத்தில் இருந்து போயிருந்தது. ஆனால் பேச்சு போகவில்லை.

"எங்க வண்டி காகிதத்துல ரொம்ப வேகம்மா. ரோட்டுலதான் கொஞ்சம் சுணக்கம். உங்க பக்கத்துக்கு, ரயிலுக்கு அந்தண்டை ஒரு வண்டி நிறுத்துங்கன்னு ரெண்டு வருஷமா எழுதறோம். எட்டு சார் என்ன சொல்றார் தெரியுமா?"

எட்டு சார் என்பது அவர்கள் மேலதிகாரிக்கு வைத்த பேர். எட்டு நிமிஷத்தைத் தவிர வேறு பேச்சே அவரிடம் கிடையாது.

"'அந்தப் பக்கத்துக்கு நூத்துல தொண்ணூத்தேழு தடவை நேரத்துக்குப் போயிருக்கீங்களே, எதுக்கு இன்னொரு வண்டி?' அப்படீன்னு எங்க பட்டனை எங்களுக்கே காட்டறார். எங்க கையால எங்களுக்கே வாய்க்கரிசி."

"ஞாயித்துக்கிழமை வர்றியா, இல்லையா?" என்று தங்கை அண்ணனைக் கேட்டாள்.

"வந்து?"

"எல்லாத்தையும் சொல்ல வேணாம். பட்டனைச் சொல்லாதே, தொட்டியைச் சொல்லாதே. நான் உள்ள வந்தப்போ கதவு தொறந்திருந்துச்சு. இந்த ஒரு வாக்கியம். அது போதும். குட்டியை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"சொல்றேன் பாப்பா."

"நீங்களும் வாங்களேன்," என்று ஊசியைக் கேட்டாள்.

"எனக்கு இன்னும் நாலு மாசம் சர்வீஸ் இருக்கும்மா. அழுத்தினது அவன். பக்கத்துல உக்காந்து பாத்தது நான். எங்க ஆபீஸ்ல அழுத்தினவனை விடப் பாத்தவனுக்குத்தான் தண்டனை ஜாஸ்தி." எழுந்து டப்பாவைக் கழுவப் போனவர் திரும்பி, "அவன் சொல்லிடுவான், கவலைப்படாதே. கூடப் பொறந்தவனாச்சே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். குட்டியை மேல்மாடி வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தார்கள். கூடத்து மேஜையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும், பக்கத்தில் அந்தக் கடிதமும் இருந்தன. நாத்தனார் அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"தம்பி, நீங்க சொல்றதை நான் எழுதிக்கறேன். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. வாய்ப்பேச்சு காத்தோட போயிடும்."

"கையெழுத்து எதுக்குங்க அக்கா? நம்ம வீட்டு விஷயம்தானே."

"நம்ம வீட்டு விஷயமா இருந்தா நான் புகாரே எழுதியிருக்கமாட்டேன். பாருங்க, எனக்கு யார் மேலயும் தனியாக் கோபம் இல்லை. கதவு சாத்தியிருந்துச்சுன்னா, இவ எங்கம்மாவைச் சாக விட்டிருக்கா. கதவு தொறந்திருந்துச்சுன்னா, உங்க ஆபீஸ் பொய் எழுதி அனுப்பியிருக்கு. அதை எழுதினவனை நான் சும்மா விடமாட்டேன். ஓய்வூதியம் வாங்கறவ, பொழுது நிறைய இருக்கு. படி படியா ஏறுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அண்ணன் தண்ணீரைக் குடித்தான். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"கதவு..." என்றான். "கதவு தொறந்து..."

"தொறந்திருந்துச்சா?" பேனா தாளில் இறங்கியது. "அப்படீன்னா பத்து நாற்பத்தொன்பதுல இருந்து பதினொண்ணு மூணு வரைக்கும் வண்டி எங்க இருந்துச்சு தம்பி?"

"மச்சான், பயப்படாம சொல்லுங்க," என்றான் கணவன். அவன் குரலில் கெஞ்சல்கூட இருந்தது. கடிதத்தைக் கிழிக்க அவனுக்கும் ஆசைதான்.

மருமகள் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தான்.

"அது வந்து மாப்பிள்ளை... பாப்பா ரொம்பப் பயந்துபோயிட்டா. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. அத்தையை விட்டுட்டுக் கீழ ஓடி, தெருவுல இங்கயும் அங்கயும் தேடிட்டு... அந்த நேரத்துல காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சு போல. உள்ள தாழ் விழுந்திருக்கும். அதுல கொஞ்சம் நேரமாச்சு. அவ வேணும்னு பண்ணலை. அதை மட்டும் நல்லா எழுதிக்கோங்க அக்கா. வேணும்னு பண்ணலை."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது நல்ல யோசனையாகத் தோன்றியிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தெளிந்தது. யாருக்கும் சேதமில்லாமல், காற்றின் தலையில் போட்டாயிற்று.

நாத்தனார் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"கீழ ஓடினாளா?"

அண்ணன் காலி டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தான்.

"அம்மாவை அப்படியே போட்டுட்டுக் கீழ ஓடினாளா? இதை எங்ககிட்ட இவ சொல்லவே இல்லையே. டேய் தம்பி, உன்கிட்ட சொன்னாளா?"

"இல்லை." கணவன் எழுந்து நின்றான். "கீழ போனியா?"

"போனேன்," என்றாள் மருமகள்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். மூணு இருக்கும்."

"அதுவரைக்கும் நெஞ்சை அமுக்கலை."

"அமுக்கலை."

"நிறுத்தாம அமுக்கினேன், நிறுத்தாம அமுக்கினேன்னு இத்தனை நாளாச் சொன்னியே."

"எதுக்குக் கீழ போனேன்னு அவனைக் கேளுங்க. அண்ணா, சொல்லு. எதுக்கு நான் கீழ போனேன்? போன்ல அந்தப் பொண்ணு ஏன் வெச்சா? வண்டி வந்துடுச்சுன்னு அவளுக்குச் சொன்னது யாரு?"

"பாப்பா, ஆத்திரப்படாதே. நான் உனக்காகத்தான்—"

"எனக்காகவா!"

"மூணு நிமிஷம்னா மூணு பங்கு," என்றான் கணவன், யாரிடமும் இல்லாமல். டாக்டர் சொன்ன கணக்கை அவன் மறக்கவேயில்லை. "இருந்ததே மூணு பங்குதான்."

நாத்தனார் இப்போது எழுதினாள். நான்கே வரி. தட்டச்சுக்காரிக்கு உரிய நேர்க்கோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். 'வேணும்னு பண்ணலை' என்பதையும் சேர்த்திருந்தாள், அவள் நியாயஸ்தி. அண்ணன் கையெழுத்துப் போட்டான். தேதியும் போடச் சொன்னாள். போட்டான்.

கையெழுத்தின் கடைசிச் சுழியைப் போட்டுவிட்டு அவன் நிமிர்ந்தபோது, வாசலில் குட்டி நின்றாள். மேல்மாடியில் விளையாட்டு எப்போது முடிந்தது, எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் மாமாவைப் பார்த்தாள், தாளை வைத்திருந்த அத்தையைப் பார்த்தாள். கதவின் தாழ்ப்பாளைத் தொட்டு, ஒரு தடவை மேலே தூக்கிக் கீழே இறக்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மருமகளுக்கு எடுத்துவைக்க அதிகம் இல்லை. நாலு புடவை, கத்தரிக்கோல், அளவு நாடா. மெஷினைப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றான் கணவன். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ஆறு மாசம் பொறுத்துக்கோ பாப்பா. நிரந்தரம் ஆகட்டும். நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்," என்றான்.

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. கணவனிடம் போனாள்.

"குட்டியை என் கூட அனுப்புங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நான் கொலைகாரியாவே இருந்துட்டுப் போறேன், அவளை மட்டும் அனுப்புங்க."

கணவன் அக்காவைப் பார்த்தான். நாத்தனார் தாளை மடித்துக்கொண்டே, "குழந்தை வாழ்க்கை. அவளையே கேளுடா. வர்றேன்னா போகட்டும், நாம பிடிச்சு வைக்க வேணாம்," என்றாள். அவள் குரலில் வெறுப்பே இல்லை.

மருமகள் தரையில் மண்டியிட்டு மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கைகள் சில்லென்று இருந்தன.

"குட்டி, மாமா வீட்டுக்குப் போலாமா? அம்மாவும் நீயும் மட்டும். உன் புஸ்தகம், பொம்மை எல்லாம் எடுத்துக்கலாம். அம்மா உன் கூடவே இருப்பேன், எங்கயும் போகமாட்டேன். வர்றியா கண்ணு?"

குட்டி அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அழவில்லை. கையை மெதுவாக உருவிக்கொண்டு, யோசித்து, கேட்டாள்.

"அங்க எனக்கு உடம்புக்கு முடியாமப் போனா, யாரும்மா கதவைத் தொறப்பாங்க?"